குருசடிப் பக்கத்துக் கோல்

எனக்குக் கால்பந்து பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. பிடிக்காத அந்த விளையாட்டுக்காக நான் துவைத்த ஜெர்சிகளைக் கொடியில் போட்டால் சின்னக்கானலில் தொடங்கி சூரியநெல்லி வரைக்கும் போகும். என் வீட்டுக்காரர் எங்கள் எஸ்டேட் கிளப்புக்குக் கோச்சாக இருந்தார். என் தம்பி அதே டீமுக்குக் கேப்டன், முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இடியோடு துவைக்கிற வேலையும் சேர்ந்து இருந்தது.

கோச் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு வேலை தேயிலை ஃபேக்டரியில், பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மேல்மாடியில். வெயில் முகம் காட்டாத மாதங்களில் நான் துவைத்த ஜெர்சிகளைச் சாக்கில் போட்டு அங்கே கொண்டுபோவார். சூடான காற்று வருகிற ஓரமாகக் காயப்போட்டு எடுத்து வருவார். அதனால் எங்கள் டீம் மைதானத்தில் இறங்கினாலே பச்சைத் தேயிலை வாசம் வீசும். "டீ வந்துருச்சு, கிளாஸ எடுங்கடா" என்று எதிர் டீம்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். கால்பந்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

தம்பி தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கூட்டத்தில் வேலை பார்க்கிறான். அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று மிச்சம் இருப்பது அவன்தான். அவன் வீடு எங்கள் எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏதோ வெளியூரிலிருந்து வருகிறவன் மாதிரி குளித்து, சட்டை மாற்றி, கையில் பையோடு வருவான். பைக்குள் எனக்கு ஒரு சேலை இருக்கும். நிறம் ஒருநாளும் எனக்குப் பிடித்ததாக இருக்காது. அதைக் கட்டிக்கொண்டுதான் நான் பூசைக்குப் போவேன். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரிவது அந்தச் சேலையால்தான்.

எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு தட்டு. ஒரு முனையில் ஃபேக்டரி. மறுமுனையில் குருசடி, அதாவது வழியோரத்தில் சிலுவை நட்டுக் கட்டிய சின்னக் கோயில். ஃபேக்டரிப் பக்கம் மேடு, குருசடிப் பக்கம் இறக்கம். வெளியிலிருந்து வருகிற டீம்கள் எல்லாம் முதலில் இறக்கத்தைக் கேட்கும். நாங்கள் தாராளமாகக் கொடுத்துவிடுவோம். முதல் பாதியில் மேட்டில் முட்டிக்கொண்டு, இரண்டாம் பாதியில் குருசடிப் பக்கத்துக் கோலைப் பார்த்து இறங்குவோம். கஷ்டத்தை முதலில் முடித்துவிட்டால் மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. தம்பி ஆட வந்த நாளிலிருந்து இப்படித்தான், மாறியதே இல்லை.

மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கும். மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். கொழுந்து எடுக்கும்போது மஞ்சு வந்துவிட்டால் பக்கத்து வரிசைக்காரி கண்ணுக்குத் தெரிய மாட்டாள். நாங்கள் பெண்கள் ஒருத்திக்கொருத்தி குரல் கொடுத்துக்கொண்டேதான் கிள்ளுவோம். பந்துக்கும் அதே வழக்கம் வந்துவிட்டது. மஞ்சு விழுந்ததும் முன்னால் ஆடுகிறவன் எதிராளியின் கோல் பக்கம் நின்று "இங்கன, இங்கன" என்று குரல் கொடுப்பான். பின்னால் இருக்கிறவர்கள் கண்ணை மறந்துவிட்டு அந்தக் குரலை நம்பிப் பந்தை அடிப்பார்கள். ரெஃபரியும் மலைக்காரர்தான். கோல் கம்பம் மங்கலாகவாவது தெரிகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். குரல் கொடுப்பதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுடைய 'இங்கன' கடைசியில் கொஞ்சம் இழுபட்டு மேலே ஏறும். சின்ன வயதில் பசித்தால் என்னைக் கூப்பிடுவானே, அதே இழுப்பு.

அந்த வருஷம்தான் வினை. பல வருஷமாக மாவட்ட லீக்கின் பி டிவிஷனில் நடுவில் கிடந்த எங்கள் டீம், என்ன ஆனதோ, வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்தது. முதலிடத்தில் முடிக்கிற டீம் ஏ டிவிஷனுக்குப் போகும். இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும் என்று கிடந்த கிளப்புக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. கிளப் தலைவர் ரிசார்ட்டுகளுக்கு ஜீப் விடுகிறவர். நல்ல மனிதர்தான், தோற்காத வரைக்கும். வாட்ஸ்அப் குழுவில் காலை, மதியம், சாயங்காலம் என்று குரல் பதிவு போடுவார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வருவார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? தொல்லை தாங்காமல் என் வீட்டுக்காரர் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அரிசி அளக்கப் போனால் தலைவர் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சீசன் பாதியில் தலைவர் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டக்காரனைக் கூட்டி வந்தார். அந்தப் பக்கத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் ஆட்டங்களில் கோல் அடித்துப் பேர் வாங்கியவன். தங்க இடமில்லை என்று எங்கள் வீட்டு முன்னறையில் விட்டுவிட்டுப் போனார். வந்த முதல் நாளே அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டு கேட்டான்.

"ஏனுங்கக்கா, உங்கூருல வெயிலே வராதுங்களா?"

"வரும். நீ போனதுக்கப்பறம் வரும்" என்றேன். சிரித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளைமேல் எப்படிக் கோபப்படுவது? ஆட்டத்திலும் கெட்டிக்காரன். ஒன்றுதான் குறை, மஞ்சில் குரல் கொடுக்க மாட்டான். "சத்தம் போட்டா எதிராளிக்கும் தெரிஞ்சு போயிருமில்லீங்க" என்பான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரில் நியாயத்தை வைத்துக்கொண்டு மஞ்சில் பந்தைத் தேட முடியாது.

தம்பிக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. ஒரு ஆட்டத்தில் கோல் காக்கிற கோலிக்கு முன்னால் தனியாகக் கிடைத்த பந்தை வெளியே அடித்தான். அன்றைக்குத் தோற்றோம். மச்சினன் என்பதால்தான் கோச் அவனை வைத்திருக்கிறார் என்று குழுவில் ஒருவர் எழுத, மற்றவர்கள் கை தட்டுகிற படம் போட்டார்கள். தலைவர் வீட்டுக்கே வந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, என் முன்னாலேயே சொன்னார்.

"கோச்சே, இந்த வருஷம் விட்டா ஏ டிவிஷன் நமக்குக் கனவுதான். சொந்தம் பந்தம் பாக்காதீங்க. இல்லைன்னா கம்மிட்டி வேற ஆளப் பாக்கும்."

அவர் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. "அவன ஒக்கார வச்சீங்கன்னா எனக்குத் தாய்வீடு இல்லாமப் போயிரும். சொல்லிட்டேன்" என்றேன்.

"வச்சிருந்தாலும் தப்புங்கானுக, எடுத்தாலும் தப்புன்னு சொல்லப் போறானுக. அவன் கால் தளந்து போச்சு புள்ள. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்."

"அப்ப நேர்ல போயிச் சொல்லுங்க. ஒங்க மாப்ளதான."

"சொல்றேன்" என்றார்.

சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இதுதான். குடி கிடையாது, புகை கிடையாது, கஷ்டமான ஒரு பேச்சை வாய் திறந்து பேசுவதும் கிடையாது. கடைசி ஆட்டத்துக்கான டீமைக் குழுவில் போட்டார். அதில் முன்னால் ஆடுகிற இடத்தில் பாலக்காட்டான் பேர் இருந்தது. தம்பி பேர் வெளியே உட்காருகிறவர்களோடு இருந்தது. கவாத்து வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் தம்பி அதைப் போனில் பார்த்திருக்கிறான். கத்தியைச் செடியில் மாட்டிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"மச்சான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே ஜெர்சியக் கழட்டிக் குடுத்திருப்பேன்க்கா. ஊரே பாத்ததுக்கப்பறம் நான் பாத்தேன்."

"உள்ள வாடா."

"இனி இந்த வாசலுக்கும் வரல, அந்த கிரவுண்டுக்கும் வரல."

போய்விட்டான். மறுநாள் கொழுந்து எடுக்கையில் தம்பி பெண்டாட்டி எனக்கு இரண்டு வரிசை தள்ளி நின்றாள். மஞ்சு வந்தபோது நான் குரல் கொடுத்தேன், அவள் பதில் கொடுக்கவில்லை. தம்பியின் பத்தாம் நம்பர் ஜெர்சியை நான்தான் துவைத்தேன். அக்குள் கிழிந்த இடத்தில் அவள் நீல நூலால் தைத்திருந்த தையல் அப்படியே இருந்தது. அதைத்தான் பாலக்காட்டான் போட்டுக்கொள்ளப் போகிறான். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

கடைசி ஆட்டம் சூரியநெல்லிப் பக்கத்து டீமோடு. ஜெயித்தால் நாங்கள் மேலே. சமன் ஆனால்கூட அவர்கள் மேலே. என் வீட்டுக்காரர் முந்தின நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் மஞ்சு நிச்சயம், பாலக்காட்டானுக்கோ மஞ்சில் ஆட வராது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கோல் அடித்துவிட வேண்டும் என்று, எங்கள் ஊர் வழக்கத்தை மாற்றி, முதல் பாதியில் இறக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டாஸும் எங்களுக்கே விழுந்தது. எங்கள் பையன்கள் முதலிலேயே குருசடிப் பக்கம் பார்த்து ஆடியது எனக்கு இடது கையால் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் கணக்கு பலித்தது. பாலக்காட்டான் ஒரு கோல் அடித்தான். மைதான ஓரத்து மண்மேட்டில் என்னோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் என் முதுகில் தட்டினார்கள். நீல நூல் தையல் போட்ட கை மேலே போனதைப் பார்த்தேன். நானும் கை தட்டினேன்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினார்கள். இப்போது குருசடிப் பக்கத்துக் கோல் எங்களுடையது, அதை நாங்கள் காக்க வேண்டும். மஞ்சும் சொல்லி வைத்த மாதிரி இறங்கியது. முதலில் ஃபேக்டரிக் குழாய் மறைந்தது, பிறகு ஃபேக்டரி, பிறகு ஆட்டக்காரர்கள். வெள்ளைக்குள் பூட்ஸ் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். எங்கள் பக்கம் குரல் கொடுக்க ஆள் இல்லை. பின்னால் ஆடுகிறவர்கள் பந்தை எங்கே அடிப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். நேரம் போகவே இல்லை. என் வீட்டுக்காரர் கோட்டோரமாக மேலும் கீழும் நடப்பது மட்டும் எனக்கு நிழலாகத் தெரிந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அந்த மனிதன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அப்போதுதான் கேட்டது.

"இங்கன... இங்கனாஆ..."

என் தம்பி. வரமாட்டேன் என்றவன் வந்துவிட்டான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மஞ்சு இறங்குவதைப் பார்த்ததும், குரல் கொடுக்க ஆளில்லையே என்று மேல்பாதை வழியாக ஓடி வந்திருக்கிறான். எனக்கு அந்த நொடியில் ஆட்டமும் தெரியவில்லை, டிவிஷனும் தெரியவில்லை. அவன் கோபம் விட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

மறுநொடி பந்தை ஓங்கி உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வலை அசைகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கமும் யாரும் கத்தவில்லை, யார் கோல் என்று யாருக்கும் புரியவில்லை. மஞ்சு சற்று விலகியபோது எங்கள் கோலி தன் வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வலைக்குப் பின்னால், குருசடி ஓரமாக, வேலைச் சட்டையோடு என் தம்பி நின்றான்.

இரண்டாம் பாதி என்றால் குருசடிப் பக்கம்தான் எதிராளியின் கோல். தம்பிக்கு அப்படித்தான் தெரியும். பக்கம் மாறியதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. பின்னால் ஆடுகிற எங்கள் பையனோ மஞ்சில் சுழன்று திசை தவறி நின்றவன். அந்தக் குரல் வந்த பக்கம் அடித்தால் தப்பாது என்று வருஷக்கணக்காகப் பழகியவன். அடித்துவிட்டான். ஆட்டம் சமனில் முடிந்தது. சூரியநெல்லிக்காரர்கள் மேலே போனார்கள்.

நான் பயந்தபடியே மண்மேட்டிலிருந்து இறங்குவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஒக்கார வச்சதுக்குப் பழி வாங்கிட்டான். வேணும்னே நின்னு கூப்புட்டான். திரும்பிப் பார்த்தால் தம்பி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளப் அறையில் கமிட்டி கூடியது. நான் ஜன்னல் ஓரமாக நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். தலைவர் எழுந்து, துரோகம் செய்தவனைக் கிளப்பிலிருந்தே எடுக்க வேண்டும் என்றார். பந்தை உதைத்த பையன் தலையைக் குனிந்துகொண்டே, "அடிச்சது என் காலு, அவரு கொரலு இல்ல" என்றான். அவனை உட்காரச் சொன்னார்கள்.

பிறகு என் வீட்டுக்காரர் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவன் எப்பவும் நிக்கிற எடத்துலதான் நின்னான். பக்கத்த மாத்துனது நான். அவன்ட்டச் சொல்லாதது நான். டீம்ல இல்லைங்கறதையும் நான் அவன்ட்டச் சொல்லல. சொல்லிருந்தா அன்னைக்கி அவன் சரியான கோலுக்குப் பின்னாடி நின்னிருப்பான், நாம ஏ டிவிஷன்ல இருந்திருப்போம். எடுக்கணும்னா என்னைய எடுங்க."

தலைவர் விசிலைப் பார்த்தார், எடுக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தம்பி பேரை அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் பார்க்கும் என்று கூச்சப்பட்டார். பார்க்கட்டும் என்றேன்.

பாலக்காட்டான் அந்த வாரமே கிளம்பினான். பத்தாம் நம்பர் ஜெர்சியைத் தானே துவைத்து மடித்துக் கொடுத்தான். "கேப்டன்கிட்டக் குடுத்துருங்கக்கா. அந்தக் கொரலு எம்பட முன்னால இருந்து கேட்டிருந்தா, கண்ண மூடிட்டு அடிச்சிருப்பனுங்க" என்றான். பஸ் ஏறும்போது வெயில் அடித்தது. அதையும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

தம்பி வெளியே தலை காட்டவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், கதவைச் சாத்திக்கொண்டான். முன்பு கோபம், இப்போது வெட்கம். கோபத்தைப் பேசித் தீர்த்துவிடலாம். வெட்கத்தை என்ன செய்வது? ஜெர்சியை எடுத்துக்கொண்டு நானே போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வேணும்னு செஞ்சேன்னு நெனைக்கிறியாக்கா?"

"ஒங் கொரலக் கேட்டதும் நான் அழுதேண்டா. சந்தோசத்துல. கோலு விழுந்ததே எனக்கு அப்பறந்தான் தெரியும்."

ஜெர்சியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். "மச்சான்?"

"நீயே வந்து கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கமிட்டியில் நடந்ததை நான் சொல்லவில்லை. இந்த முறையாவது அந்த மனிதர் தன் வாயால் சொல்லட்டும் என்று பிடிவாதம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வாசலில் கட்டியிருந்த நட்சத்திரம் அணைந்து கிடந்தது. மஞ்சு லயத்துக்குள்ளேயே வந்துவிட்டது, முற்றத்துக் கல்கூடத் தெரியவில்லை. நான் அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டுக் காதை வாசலில் வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்தார். செருப்புச் சத்தம் ஒன்று வந்தது, லயத்து முனையில் நின்றது. பை உரசுகிற சத்தம் கேட்டது. வருவதா, திரும்புவதா என்று நிற்கிற நிற்பு. நான் எழப் போனேன். அவர் என் தோளில் கை வைத்து உட்கார்த்திவிட்டு வாசலுக்குப் போனார்.

வெள்ளைக்குள் முகத்தை நீட்டி, பழக்கமில்லாத தொண்டையால் குரல் கொடுத்தார்.

"இங்கன மாப்ள... இங்கன..."

வாசற்படியை விட்டு ஓர் அடி இறங்கினார்.

"மாப்ள, தப்பு எம்மேலதான். நேர்ல வந்து சொல்லிருக்கணும். சொல்லல. வா மாப்ள."

மஞ்சுக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என் தம்பியின் குரல் வந்தது, கடைசியில் கொஞ்சம் இழுபட்டு.

"இந்தத் தடவையாவது எந்தப் பக்கம்னு சொல்லிட்டுக் கூப்புடுங்க மச்சான்."